வாதக் கட்டுரை எடுபடவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கட்டுரையை எழுதி முடித்தாயிற்று. வாக்கியங்கள் சுத்தமாக இருக்கின்றன, எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் படித்தவர் "நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பழைய கருத்தோடேயே எழுந்து போகிறார். வாதக் கட்டுரைக்கு இதுதான் தோல்வி. உடனே நம் கை சொற்களின் பக்கம் போகிறது. இந்த வரியை இன்னும் அழுத்தமாகச் சொல்லலாமா, அந்த இடத்தில் ஒரு மேற்கோள் போடலாமா என்று தடவிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அது வீண் வேலை. வாதக் கட்டுரையில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, பிறந்த இடம் வேறு. நடுப்பத்தி தடுமாறுகிறதென்றால் பெரும்பாலும் முன்னுரையில் சொன்ன நிலைப்பாடு சரியில்லை. முடிவுரை சப்பென்று இருக்கிறதென்றால், எழுதத் தொடங்கும் முன் காரணங்களை வரிசைப்படுத்தவில்லை.

கீழே உள்ளவற்றில் உங்கள் கட்டுரைக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மற்றவற்றில் பாதி அங்கிருந்து கிளம்புவதுதான். விளக்க வசதிக்காக ஒரே பொருளைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம்: பள்ளிகள் காலையில் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும்?

அறிகுறி: முதல் வரி வர மறுக்கிறது; வந்தாலும் "இன்றைய நவீன உலகில்" என்றே வருகிறது

இப்படித் தொடங்குவதற்குச் சோம்பல் காரணமில்லை. என்ன சொல்லப்போகிறோம் என்று எழுதுபவருக்கே தெரியாதபோது கை தானாக உலகத்தைச் சுற்றப் போய்விடுகிறது. கையில் தலைப்பு இருக்கிறது, நிலைப்பாடு இன்னும் இல்லை.

சோதித்துப் பார்க்க ஒரு தாள் போதும். "இன்னது செய்ய வேண்டும், ஏனென்றால் இன்னது" என்ற அச்சில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். அடுத்த வரியில் அதற்கு நேர்மாறான வாக்கியத்தையும் எழுதுங்கள். விவரம் தெரிந்த ஒருவர் அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் சொல்ல முடியுமா? முடியாதென்றால் உங்களிடம் வாதமே இல்லை. எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான் கையில் வைத்திருக்கிறீர்கள்.

"மாணவர்களும் தூக்கமும்" என்பது தலைப்பு மட்டுமே. "மாணவர்களுக்குப் போதிய தூக்கம் அவசியம்" என்பது வாக்கியமாகிவிட்டது, ஆனால் அவசியமில்லை என்று சொல்ல ஆளே கிடைக்க மாட்டார். இந்த வாக்கியத்தை வைத்து ஆயிரம் சொல் எழுதினாலும் அறிவுரைக் கட்டுரைதான் வரும். இதைப் பாருங்கள்: "பதின்வயது மாணவர்கள் படிக்கும் பள்ளிகள் காலை எட்டரை மணிக்கு முன் வகுப்பைத் தொடங்கக் கூடாது, ஏனென்றால் அந்த வயதில் உடலே தூக்கம் வரும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறது, சீக்கிரம் படு என்ற அறிவுரை அங்கே பலிக்காது." இதை மறுக்க ஆள் உண்டு. "ராத்திரி கைபேசியைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகும்" என்று ஒரு பெற்றோர் சொல்வார். "மாலை வகுப்பும் விளையாட்டும் என்ன ஆவது?" என்று ஒரு தலைமையாசிரியர் கேட்பார். எதிராளி கிடைத்துவிட்டார், இனி எழுதலாம்.

அந்த வாக்கியத்தில் "ஏனென்றால்" என்பதற்குப் பின்னால் வருவதைக் கவனியுங்கள். நிரூபிக்க வேண்டியவை இரண்டும் அங்கேயே வரிசையாக நிற்கின்றன: உடல் தூக்க நேரத்தைத் தள்ளிப்போடுகிறது என்பது ஒன்று, அறிவுரை பலிக்காத இடத்தில் மணியை மாற்றினால் பலன் இருக்கும் என்பது மற்றொன்று. கட்டுரைத் திட்டம் போடத் தனியாக உட்கார வேண்டிய வேலை பாதி குறைந்துவிட்டது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. "எல்லாப் பள்ளிகளும், எல்லா வயதினருக்கும்" என்று அகலமாக வலை வீசுவது. ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டினால் முழு வாதமும் விழுந்துவிடும். மேலே உள்ள வாக்கியத்தில் "பதின்வயது" என்ற ஒரு சொல் அந்தக் காவல் வேலையைச் செய்கிறது. தொடக்கப்பள்ளிக் குழந்தைகளை யாராவது இழுத்தால் "அவர்களைப் பற்றி நான் பேசவில்லை" என்று சொல்லிவிட்டு மேலே போகலாம்.

அறிகுறி: படித்தவர் "சரிதான், அதனால் என்ன?" என்கிறார்

யாருக்காக எழுதுகிறோம் என்பது முடிவாகவில்லை. ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவருக்கு எழுதினால் அவர் தலையாட்டுவார். தீர்மானமாக எதிர்ப்பவருக்கு எழுதினால் அவர் இரண்டாம் பத்தியோடு நிறுத்திவிடுவார். பெரும்பாலான சமயம் சரியான வாசகர் நடுவில் இருப்பவர், அதிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர். பள்ளி நேரத்தைப் பொறுத்தவரை அது நிர்வாகக் குழு உறுப்பினர் என்று வைத்துக்கொண்டால், அவர் கவலை எதுவென்று யோசியுங்கள்: வண்டி, ஆசிரியர் பணிநேரம், பெற்றோர் புகார். மாணவர் உடல்நலத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அவருக்கு "அதனால் என்ன?" என்றுதான் தோன்றும். வாசகரின் பதவியை ஒரு வரியில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டு வரைவை மறுபடி படியுங்கள். எந்தப் பத்தி அவருக்கு வேண்டாதது என்று உடனே தெரியும்.

அறிகுறி: காரணம் மூன்று இருக்கிறது, ஆனால் மூன்றும் ஒன்றாகவே கேட்கிறது

முன்னுரை, மூன்று காரணம், முடிவுரை என்ற ஐந்து பத்தி அச்சில் பழகியவர்களுக்கு இது அடிக்கடி வரும். அந்த அச்சு ஆரம்பப் பயிற்சிக்கு நல்லது, குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றை நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் இரண்டு காரணத்தை மூன்றாகக் கிழிக்க வைத்துவிடும். "தூக்கம் குறைந்தால் கவனம் சிதறும்", "கவனம் சிதறினால் பாடம் ஏறாது", "பாடம் ஏறாவிட்டால் மதிப்பெண் குறையும்" என்பவை மூன்று காரணங்களாகத் தெரிந்தாலும் ஒரே காரணத்தின் மூன்று படிகள். முதல் படியை ஒருவர் மறுத்துவிட்டால் மற்ற இரண்டும் கூடவே விழும்.

ஒவ்வொரு காரணத்தையும் விரலால் மறைத்துவிட்டு மற்றவை தனியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்காதவற்றை ஒரே பத்தியில் சேர்த்துவிடுங்கள். மிச்சம் இரண்டு காரணம்தான் தேறுகிறது என்றால் இரண்டோடு நிறுத்துங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு இலக்கணமான நன்னூல், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும்போது "கூறியது கூறல்" என்று இதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது.

அறிகுறி: புள்ளிவிவரம் நிறைய இருக்கிறது, ஆனாலும் வாசகர் நம்பவில்லை

என் கணக்கில் இதுதான் மிக அதிகமாக வருவது, மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதுதான். ஆதாரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் நாலு எண்ணைத் தேடிப் போடுவோம். நிலைமை மோசமாகும். எண்ணிலிருந்து முடிவுக்குப் போகும் பாலத்தை யாரும் போடாததுதான் பிரச்சினை.

ஸ்டீஃபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1958இல் வெளியிட்ட நூலில் வாதத்தின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். நிலைப்பாடு, ஆதாரம் ஆகிய இரண்டும் நமக்குப் பழக்கமானவை. "இந்த ஆதாரம் எப்படி அந்த நிலைப்பாட்டைத் தாங்குகிறது?" என்ற கேள்விக்கான பதிலை அவர் மூன்றாவது உறுப்பாக வைத்தார். எழுதுபவருக்கு அது வெளிப்படையாகத் தெரிவதால் சொல்லாமல் விட்டுவிடுகிறார். வாசகருக்கு அது தெரியாது. தெரிந்தாலும் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம்.

ஒரு பத்தியை அருகில் வைத்துப் பார்ப்போம்:

"அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 2016ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரம் காலை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றப்பட்டது. மாணவர்களின் தூக்கம் நாளொன்றுக்கு 34 நிமிடம் கூடியது. ஆகவே பள்ளிகளைத் தாமதமாகத் தொடங்க வேண்டும்."

ஆதாரம் உண்மையானது. 2018இல் வெளியான ஆய்வு அது. மணிக்கட்டில் கட்டிய கருவியை வைத்து அளந்திருக்கிறார்கள், மாணவர் வாய்மொழியை நம்பி எழுதியதல்ல. ஆனால் இந்தப் பத்தியைப் படிக்கும் சந்தேகப் பேர்வழி "முப்பத்துநாலு நிமிடம்தானா? இதற்காகவா ஊரின் நேரத்தையே மாற்றுவது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த எண் அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. திருத்திய வடிவம் இப்படி இருக்கலாம்:

"நேரத்தைத் தள்ளிவைத்தால் பிள்ளைகள் அதற்கேற்பத் தாமதமாகப் படுப்பார்கள், பழைய கதைதான் தொடரும் என்பது நியாயமான சந்தேகம். அப்படி நடந்திருந்தால் தூக்கம் கூடியிருக்கவே கூடாது. சியாட்டிலில் 2016இல் பள்ளி தொடங்கும் நேரத்தை 55 நிமிடம் தள்ளிவைத்த பிறகு மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியது. கிடைத்த நேரத்தில் பாதிக்கு மேல் தூக்கத்துக்கே போயிருக்கிறது. இரண்டு பள்ளிகளில் அளந்த கணக்கு என்பதால் எல்லா ஊரிலும் இதே எண் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் 'எப்படியும் விழித்துத்தான் இருப்பார்கள்' என்ற வாதத்தை இனி அப்படியே ஏற்க முடியாது."

எண்கள் அதேதான். ஆனால் இப்போது 34 என்பது 55க்குப் பக்கத்தில் நிற்கிறது, ஒரு குறிப்பிட்ட சந்தேகத்துக்குப் பதிலாக நிற்கிறது. கடைசி இரண்டு வாக்கியங்களில் உள்ள தயக்கத்தையும் கவனியுங்கள். எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்று எல்லை போடுவதையும் டூல்மின் வாதத்தின் உறுப்பாகவே சேர்த்திருக்கிறார். எல்லை போட்டால் வாதம் பலவீனமாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். நடப்பதோ வேறு: எல்லையைத் தானே சொல்பவரை வாசகர் கூடுதலாக நம்புகிறார்.

ஆதாரம் வரும் ஒவ்வொரு இடத்திலும் அடுத்த வாக்கியத்தை "இதிலிருந்து தெரிவது என்னவென்றால்" என்று தொடங்கி எழுதிப் பாருங்கள். எழுத வந்துவிட்டால் அந்தத் தொடரை அழித்துவிட்டு விஷயத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத வரவில்லை என்றால் அந்த ஆதாரம் இந்தக் கட்டுரைக்கு உரியதில்லை. எவ்வளவு பாடுபட்டுத் தேடியிருந்தாலும் தூக்கிவிடுங்கள்.

அறிகுறி: எதிர்வாதத்தைத் தொட்டதும் கட்டுரை ஆட்டம் காண்கிறது

சிலர் இதற்குப் பயந்து எதிர்வாதத்தையே விட்டுவிடுகிறார்கள். வாசகர் மனதில் அது ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் பேசாமல் விட்டால் அவர் தானே பேசிக்கொள்வார், அப்போது பதில் சொல்ல நீங்கள் அருகில் இருக்க மாட்டீர்கள். வேறு சிலர் வைக்கோல் பொம்மை செய்து அடிக்கிறார்கள்: "மாணவர்கள் எக்கேடு கெட்டால் என்ன என்று நினைப்பவர்கள்தான் இதை எதிர்ப்பார்கள்." இப்படி யாரும் சொல்வதில்லை. தன் கருத்தைக் கேலிச்சித்திரமாகப் பார்த்த வாசகர் அத்தோடு கதவைச் சாத்திவிடுவார்.

எதிர்த்தரப்பில் இருப்பவர் படித்துவிட்டு "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி அவர் வாதத்தை எழுதுவதுதான் மருந்து. நம் எடுத்துக்காட்டில் வலுவான எதிர்வாதம் தூக்கத்தைப் பற்றியதே அல்ல. பள்ளி தாமதமாகத் தொடங்கினால் தாமதமாகத்தான் விடும். மாலை விளையாட்டுப் பயிற்சி இருட்டிவிடும். காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பும் பெற்றோர் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? இதை மறுக்க முடியாது. மறுக்கவும் வேண்டாம். "இந்தச் சிரமம் உண்மை, சில குடும்பங்களுக்கு அது பெரிது" என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, பள்ளி வளாகத்தை வழக்கமான நேரத்திலேயே திறந்து வைத்து வகுப்பை மட்டும் தள்ளிவைத்தால் அந்தச் சிரமம் எவ்வளவு குறையும் என்று காட்டுங்கள். முழுதாகத் தீராது என்றால் அதையும் சொல்லுங்கள்.

நூல் எழுதுபவர் கொள்ளும் ஏழு மதங்கள், அதாவது கொள்கைகள், என்று நன்னூல் சொல்பவற்றில் ஒன்று "பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு". பிறர் கொள்கையை முதலில் ஏற்று நின்று, பிறகு விலக்குவது. அந்த வரிசை முக்கியம். எதிர்வாதத்துக்குக் கொடுக்கும் இடம் ஒரு துணைவாக்கியம் என்றால் அது ஏற்பு ஆகாது. குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது அவர் பக்கம் நின்று பேச வேண்டும்.

எங்கே வைப்பது என்பது வாசகரைப் பொறுத்தது. அவர் எதிர் மனநிலையோடு படிக்கத் தொடங்குபவர் என்றால் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் காரணங்கள் காதில் விழாது. நடுநிலையாளர் என்றால் முக்கியக் காரணங்களுக்குப் பிறகு வைக்கலாம். முடிவுரைக்கு ஒட்டினாற்போல் வைத்தால் எதிராளியின் குரலே கடைசியாகக் காதில் நிற்கும். ஆட்டம் காண்பதாகத் தோன்றும் கட்டுரைகளில் பலவற்றுக்கு இந்த ஒரே ஒரு பத்தியை இடம் மாற்றினால் போதுமானதாக இருக்கும்.

எழுதும்போதே எதிர்வாதத்துக்குப் பதில் கிடைக்கவில்லை என்றால்? நிலைப்பாட்டைச் சுருக்குங்கள், அல்லது மாற்றிக்கொள்ளுங்கள். கட்டுரை எழுதுவதில் கிடைக்கும் நேர்மையான பலன்களில் அதுவும் ஒன்று.

அறிகுறி: ஒவ்வொரு பத்தியும் நன்றாக இருக்கிறது, சேர்த்துப் படித்தால் நூல் அறுகிறது

வரைவை முடித்த பிறகு திட்டத்தைப் பின்னோக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பத்திக்கும் எதிரே ஓரத்தில், அந்தப் பத்தி சொல்வதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். "தூக்கம் பற்றி" என்று எழுதக் கூடாது; எழுவாயும் பயனிலையும் உள்ள முழு வாக்கியம் வேண்டும். ஒரு பத்திக்கு இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால் அது இரண்டு பத்தி. வாக்கியமே வரவில்லை என்றால் அந்தப் பத்தியில் சரக்கு இல்லை.

இப்போது ஓரத்தில் உள்ள வாக்கியங்களை மட்டும் வரிசையாகப் படித்து, இரண்டுக்கும் நடுவில் எந்த இணைப்புச் சொல் இயல்பாக விழுகிறது என்று பாருங்கள். "ஆகவே", "ஆனால்", "ஏனென்றால்", "அப்படியென்றாலும்" என்று விழுந்தால் வாதம் நகர்கிறது. எல்லா இடத்திலும் "மேலும்", "அதுமட்டுமின்றி" என்றே விழுந்தால் உங்களிடம் இருப்பது பட்டியல். பட்டியலில் எதை எங்கே வைத்தாலும் ஒன்றுதான், அதனால்தான் நூல் இல்லாதது போல் தோன்றுகிறது. எந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டால் அடுத்தது எளிதாக ஏறும் என்று பார்த்து அடுக்குங்கள்: உடல் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்பதை ஏற்றவருக்குத்தான் "அறிவுரை பலிக்காது" என்பது ஏறும்.

நல்ல பத்தி ஒன்று எந்த இடத்திலும் பொருந்தாமல் நிற்கும். கைபேசித் திரையின் ஒளியைப் பற்றி அழகாக எழுதியிருப்பீர்கள். "மற்றொன்று விரித்தல்" என்பதும் நன்னூலின் பத்துக் குற்றங்களில் உண்டு. வெட்டி வேறொரு கோப்பில் போட்டு வையுங்கள், இன்னொரு கட்டுரைக்கு ஆகும்.

அறிகுறி: தொடக்கம் கம்பீரம், போகப்போக இறங்குகிறது

காரணங்களைத் தோன்றிய வரிசையில் எழுதியிருக்கிறீர்கள். நமக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் வலுவானது, கடைசியில் தோன்றுவது சோகை. ரோமில் பேச்சுக்கலை கற்பித்த குயின்டிலியன் முதல் நூற்றாண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: வலுவானவற்றை இரு முனைகளிலும் வைத்து, பலவீனமானவற்றை நடுவில் நிறுத்துவது ஒரு வழி, ஆனால் வலுவானதிலிருந்து பலவீனமானதை நோக்கி இறங்குவது மட்டும் ஆகாது. கட்டுரைக்கும் இது பொருந்தும். இரண்டாவது வலுவான காரணத்தில் தொடங்கி, ஆக வலுவானதில் முடியுங்கள். சோகையானதை நடுவில் வைப்பதைவிட எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கட்சி; ஒரு பலவீனமான காரணத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட வாசகருக்கு வசதி செய்து கொடுக்க வேண்டாம்.

முடிவுரை மட்டும் சப்பென்றிருந்தால் முன்னுரையை வேறு சொற்களில் திருப்பி எழுதியிருப்பீர்கள். வாசகர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே வைத்துக்கொண்டு, நாளைக் காலை அவர் செய்ய வேண்டிய முதல் வேலையைச் சொல்லுங்கள்: ஒரு பருவம் மட்டும் முயன்று பார்ப்பது, பெற்றோரிடம் கருத்துக் கேட்பது என்று கைக்கு எட்டும் அளவில்.

அறிகுறி: மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது

ஆச்சரியக்குறிகளை எண்ணுங்கள். "யாரும் மறுக்க முடியாது", "சந்தேகமே இல்லை" என்பவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். உணர்ச்சிக்கு இடமே கூடாது என்பதில்லை. பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்ற மூன்றையும் நம்பவைக்கும் வழிகளாக அரிஸ்டாட்டில் எண்ணினார். முதல் பாடவேளையில் மேசையில் தலை சாய்ந்துவிடும் ஒரு மாணவியை இரண்டு வரியில் காட்டினால் போதும், பத்து உரிச்சொல்லின் வேலையை அது செய்துவிடும்.

அறிகுறி: தேர்வறையில் நேரம் தீரப்போகிறது, கட்டுரை சொன்ன பாதையை விட்டு எங்கோ போய்விட்டது

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு போன்றவற்றில் கட்டுரைக்குக் குறைந்தது 250 சொல், அதற்கு 40 நிமிடம்தான் பரிந்துரை. அதில் ஆறேழு நிமிடத்தைத் திட்டத்துக்கு ஒதுக்கினால் நேரம் வீணாகாது: நிலைப்பாட்டு வாக்கியம் ஒன்று, காரணம் இரண்டு, எதிர்வாதம் ஒன்று, அவ்வளவுதான் எழுத வேண்டும். அதைச் செய்யாமல் இறங்கிவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்தில்தான் கோளாறு தெரிகிறது என்றால் நடுப்பத்திகளைத் தொடாதீர்கள். அடித்துத் திருத்தும்போது இருக்கிற ஒழுங்கும் கெடும். பத்திகள் உண்மையில் எதை நிரூபித்திருக்கின்றன என்று வேகமாக ஒருமுறை படியுங்கள். "எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது" என்று ஆரம்பித்துவிட்டு, பத்திகள் எல்லாம் "முதல் பாடவேளையில் தேர்வு வைக்கக் கூடாது" என்பதைத்தான் தாங்குகின்றன என்றால், முன்னுரையில் உள்ள நிலைப்பாட்டு வாக்கியத்தை அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள், முடிவுரையிலும் அதையே வையுங்கள். இரண்டே வாக்கியம் மாறும். சிறிய வாதமாகத்தான் இருக்கும், ஆனால் சொன்னதை நிரூபித்த வாதமாக இருக்கும்.